கார்பெட்டுக்கு அடியில் ஓக் பலகை, பலகையில் கருப்புக் கறை: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2023 மார்ச் 4

நியூ ஜெர்சியில் 1950களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கினோம். கூடத்தில் கிடந்த கார்பெட்டை உரித்தால் அடியில் நல்ல ஓக் பலகைத் தரை. ஆனால் சுவரோரம் நெடுகக் கருப்புப் புள்ளிகள், ஜன்னலடியில் பூந்தொட்டி வைத்த இடம் போல ஒரு கருவட்டம், நடுவில் பெரிய திட்டாக ஒன்று (பழைய வீட்டுக்காரர் நாய் வளர்த்தாராம்). பார்க்க வந்த காண்ட்ராக்டர் தரை மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். யூடியூபில் வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து தேய்த்தால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

மார்ச் 4, இரவு

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். வினிகர் அமிலம், சோடா காரம். கலந்தால் நுரைக்கும், பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும், நுரை அடங்கியதும் மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்குப் பச்சைத் தண்ணீரையே ஊற்றித் தேய்க்கலாம், காசாவது மிச்சம். (ஊற்றாதீர்கள், பலகைத் தரைக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி.)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் தரையில் இருப்பது ஒரு கறை இல்லை, மூன்று. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதுவரை எதையும் தேய்க்க வேண்டாம், முக்கியமாக இரும்பு நார் எடுக்க வேண்டாம்.

மார்ச் 5

சுவரோரப் புள்ளிகளில் இருந்து ஆரம்பிப்போம், இருப்பதில் சுலபமானது அதுதான். கார்பெட்டை இழுத்துப் பிடிக்கச் சுவரோரம் ஆணிப்பட்டை அடித்திருப்பார்கள். வருடக்கணக்கில் ஈரம் பட்டு ஆணி துருப்பிடிக்கும், கரைந்த இரும்பு பலகைக்குள் இறங்கும். ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து அதிகம். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. அதாவது அது அழுக்கே இல்லை, பலகைக்குள்ளேயே உண்டான சாயம். சோப்பு போட்டு இரவெல்லாம் தேய்த்தாலும் சாயம் அங்கேயேதான் இருக்கும், மேலே இருக்கிற வார்னிஷ்தான் போகும்.

இது எனக்குப் பழக்கமான விஷயம். இங்கே அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் ஈரோட்டில் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவன் நான். கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம் கலம்காரி போடுகிறவர்கள் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். அப்புறம் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து இறுத்த தண்ணீரைத் தொட்டுக் கோடு இழுத்தால் கோடு கருத்து நிற்கும். கடுக்காய் தருவது டானின், மற்றது இரும்பு. உங்கள் சுவரோரத்தில் நடந்ததும் அச்சு அசல் இதுதான், யாரும் ஊறவைக்கவில்லை, அவ்வளவே. நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் விற்கிறார்களே, குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பது, அது காயே இல்லை. ஓக் இன மரத்தில் பூச்சி முட்டையிட்டு உண்டாகும் கட்டி. அப்படிப்பட்ட கட்டியிலிருந்து எடுத்த டானினோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து ஐரோப்பாவில் பல நூறு வருடம் மை செய்தார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊரான பிலடெல்பியாவில் 1776இல் கையெழுத்தான சுதந்திரப் பிரகடனமும் அந்த வகை மையால் எழுதியதுதான். அது இன்றைக்கு மங்கிப்போய்க் கிடக்கிறது, உங்கள் ஆணிப் புள்ளி மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது!

இந்தக் கருப்பை எடுப்பது ஆக்ஸாலிக் அமிலம். பட்டறையில் துணியில் துருக்கறை விழுந்தால் நாங்கள் எடுத்ததும் அதை வைத்துத்தான். நம்மூரில் மொசைக் தரைக்கு பாலிஷ் போடுகிறவர்கள் கடைசியாகத் தூவித் தேய்க்கும் வெள்ளைப் பொடியும் அதே. டானினிடமிருந்து இரும்பைப் பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டு தண்ணீரில் கரைந்து வந்துவிடும். இங்கே ஹார்டுவேர் கடைகளில் 'வுட் ப்ளீச்' என்ற பெயரில் கிடைக்கும், ஆனால் எல்லா வுட் ப்ளீச்சும் ஆக்ஸாலிக் இல்லை, டப்பாவில் உள்ளே என்ன என்று படித்து வாங்குங்கள். சின்னப் புள்ளி ஒன்றிரண்டுதான் என்றால் பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பொடியைக் குழைத்துப் போட்டாலே போதும், அதிலும் ஆக்ஸாலிக் இருக்கிறது.

மார்ச் 5, மதியம்

செய்முறை கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று. வார்னிஷ் மேல் எதை ஊற்றினாலும் கறைக்குப் போய்ச் சேராது. கறை மரத்துக்குள் இருக்கிறது, வார்னிஷ் அதன்மேல் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிறது. முதலில் அந்த இடத்தை உரசி வெறும் மரத்தைக் கொண்டுவர வேண்டும். 1978க்கு முந்திய வீடு என்பதால் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்துவிட்டு உரசுங்கள். வேறு அறையில் கார்பெட்டுக்கு அடியில் 9 அங்குல டைல்களோ தார் போன்ற கருப்புப் பசையோ வந்தால் கையே வைக்க வேண்டாம், அந்தக் காலத்து டைல்களிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதற்கென்று இருக்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீரில் 80, 90 கிராம் பொடி. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம், உலோகம் கூடாது. நைலான் பிரஷ்ஷால் பூசி, ராத்திரி முழுக்க விடுங்கள். கறை இருக்கிற இடத்தில் மட்டும் பூசினால் கறை போனாலும் வெளுத்த வட்டம் நிற்கும், அதனால் அந்தப் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாகப் பூச வேண்டும். காலையில் மேலே படிகம் பூத்திருக்கும். அதைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறினால் தொண்டை எரிந்து இருமித் தள்ளும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். போதவில்லை என்றால் திரும்பப் போடலாம்.

கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் கட்டாயம். பசலைக்கீரையில் இருக்கிற அமிலம்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். கீரையில் இருப்பதே சிலருக்குச் சிறுநீரகக் கல்லாக வருகிறது. டப்பாவில் இருப்பது விஷம். வேலை நடக்கும்போது குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மார்ச் 6

"முதல் நாள் சோடா வேண்டாம் என்றீர்கள், மறுநாள் மதியம் சோடா போடச் சொல்கிறீர்கள்" என்று பிடித்துவிட்டார் ஒரு வாசகர். நியாயமான கேள்வி. வெறும் ஓக் மரத்தில் சோடாக் களியைத் தடவி வைத்தால் காரம் டானினைக் கருக்கவைக்கும், கறை எடுக்கப் போய்ப் புதுக்கறை. அமிலம் போட்ட மரத்தில் கொஞ்சமாகத் துடைக்கும்போது அங்கே மிஞ்சியிருக்கிற அமிலத்தோடு சேர்ந்து தீர்ந்துவிடும். யோசித்துப் பார்த்தால் சோடா இல்லாமலே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுப்பது இன்னும் நிம்மதி. அளவு தவறினால் என்ன ஆகும் என்ற பயமே இல்லை. மாற்றி எழுதிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காரத்தால் ஓக் கருப்பது புதுக்கதை இல்லை. பழைய காலத் தச்சர்கள் ஓக் மேஜைகளை அடைத்த அறையில் அம்மோனியா ஆவியில் வைத்து வேண்டுமென்றே கருக்கவைப்பார்கள். நாய் அதையே இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

மார்ச் 6, இரவு

நாயைப் பற்றிச் சொல்லிவிட்டதால் அந்தத் திட்டுக்கு வருகிறேன். மூத்திரம் விழும்போது அமிலத்தன்மையாகத்தான் இருக்கும், கிடக்கக் கிடக்க அம்மோனியாவாகிக் காரமாகும். வார்னிஷைத் தின்னும், டானினைக் கருக்கும், இடுக்கு வழியாக அடிப்பலகை வரை இறங்கும். உங்களுடையது அனேகமாகச் சிவப்பு ஓக்காக இருக்கும். அதன் துளைகள் திறந்தவை, சின்னத் துண்டின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில் தண்ணீருக்குள் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் துளைகள் அடைபட்டிருக்கும், விஸ்கி பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். சிவப்பு ஓக்கில் விழுந்தது அப்படியே உள்ளே ஓடியிருக்கும்.

இதில் இரும்பு மட்டும் காரணமில்லை என்பதால் ஆக்ஸாலிக் பாதி வேலைதான் செய்யும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் துணியை நனைத்து மேலே போட்டு, காயாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கூடுதலாக விட்டால் மரத்தின் நிறமே வெளுத்துவிடும். வாடைக்கு என்சைம் திரவம். புற ஊதா டார்ச் அடித்தால் மூத்திரம் பட்ட இடம் மின்னும், கண்ணுக்குத் தெரிகிற திட்டைவிட அது பெரிதாகவே இருக்கும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

பல வருடம் ஊறிய திட்டு முழுதாகப் போகும் என்று நான் சொல்லமாட்டேன். பாதி போகும். மீதிக்கு வேறு வழி இருக்கிறது, பெராக்சைடு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

மார்ச் 8

"ப்ளீச் என்றால் துணிக்குப் போடுகிற ப்ளீச் போதாதா?" போதாது. மரத்துக்கு மூன்று வகை வெளுப்பான் உண்டு, மூன்றும் வேறு வேறு ஆளைப் பிடிக்கும். குளோரின் ப்ளீச் மை, பழச்சாறு போன்ற சாயக் கறைகளை எடுக்கும், இரும்புக் கருப்பை எடுக்காது. ஆக்ஸாலிக் இரும்பை எடுக்கும், மரத்தின் சொந்த நிறத்தை அதிகம் தொடாது. காஸ்டிக் சோடாவும் வலுவான பெராக்சைடும் இரண்டு புட்டியாக வரும் ஒன்று இருக்கிறது, அது மரத்தின் நிறத்தையே உரித்து எடுத்துவிடும், உங்களுக்கு அது வேண்டாம்.

குளோரின் ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியாவோடு கலந்தால் அதுவும் நச்சு வாயு. நாய் மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். குளிர்காலத்தில் எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதில் மட்டும் எனக்கு விளையாட்டே கிடையாது.

மார்ச் 9

பேச்சு திசைமாறுகிறது, பரவாயில்லை. டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வெள்ளை என்றால் சந்தோஷப்படுங்கள். ஈரம் பூச்சுக்குள்தான் சிக்கியிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. பருத்தித் துணியை விரித்து, ஆவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒன்றிரண்டு நொடி வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பாருங்கள். கருப்பு வளையம் என்றால் தண்ணீர் பூச்சைத் தாண்டிவிட்டது, மேலே போய் மார்ச் 5 குறிப்பைப் படியுங்கள்.

சமையல் மஞ்சள்தூள் கறை பற்றிக் கேட்டவருக்கு: சோப்புத் தண்ணீரால் துடைத்ததும் சிவந்துவிட்டதே என்று பதறியிருக்கிறீர்கள். குங்குமம் எப்படிச் செய்கிறார்கள்? மஞ்சளில் காரம் சேர்த்துத்தானே. சோப்பும் காரம். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், உடனே துடைத்துவிடுங்கள். மிச்சத்தை வெயிலுக்கு விடுங்கள், மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் தானே சாகும். அந்த இடத்தைப் பாயோ கம்பளமோ போட்டு மறைத்துவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள்.

குத்துவிளக்கு எண்ணெய் வழிந்து ஊறியிருந்தால் மினரல் ஸ்பிரிட் தொட்ட துணி, அப்புறம் டால்க் பவுடரைக் குழைத்துப் பூசி எண்ணெயை இழுக்கவிடுவது. பனிக்கால உப்பு வாசலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஒரு வாளித் தண்ணீருக்கு அரை கப் வினிகர், பிழிந்த துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். அங்கே வினிகருக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. பாவம், அதை முழுதாகத் திட்டிவிட்டதுபோல ஆகிவிட்டது.

என் மாமியார் ஊரிலிருந்து வரும் மாதங்களில் எங்கள் வீட்டில் பெரிய போராட்டமே வாளித் தண்ணீர்தான். தரையைக் கழுவித் தள்ளாமல் அவருக்கு வீடு சுத்தமானதாகவே தோன்றாது. மொசைக்கில் வளர்ந்தவர்களிடம் தரை தண்ணீர் குடிக்கும் என்று சொல்லிப் புரியவைப்பது எளிதில்லை.

மார்ச் 11

மேலே சொன்ன குறிப்புகளில் பல பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை வார்னிஷ்) பூசிய தரைக்குத்தான் பொருந்தும். 1950களின் தரையில் ஷெல்லாக்கோ மெழுகோ கூட இருக்கலாம், தெரியாமல் ஆல்கஹால் போட்டால் கதை முடிந்தது. மூலையில், கதவுக்குப் பின்னால், ஒரு சொட்டு ஆல்கஹால் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக். லாக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். எதற்கும் அசையாமல் இருந்தால் அனேகமாகப் பாலியூரித்தேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடத்தில் வெள்ளையாகப் பூத்தால் மெழுகு. ஷெல்லாக் என்பது நம் அரக்குதான், இந்தியக் காட்டுப் பூச்சி கொடுத்தது. நியூ ஜெர்சிக் கூடத்தில் அதைக் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

இரும்பு நார் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னதற்குக் காரணம் கேட்கிறார்கள். அதன் துணுக்கு மரத்துளையில் தங்கும், அடுத்த முறை ஈரம் பட்டதும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு கருப்புப் புள்ளி. தேய்க்க வேண்டுமென்றால் செயற்கை நார் பட்டை இருக்கிறது.

மார்ச் 12

ஊட்டியிலிருந்து ஒருவர், தாத்தா காலத்துத் தேக்குத் தரை, அடுப்புக் கணப்புக்குப் பக்கத்தில் கருப்புக் கறை என்கிறார். இரும்புச் சட்டி, இரும்பு ஆணி, மலையூர் ஈரம், மூன்றும் சேர்ந்தால் தேக்கும் கருக்கும். படகுகளின் தேக்குத் தளத்தைச் சுத்தம் செய்ய விற்கும் பொடிகள் பலவற்றில் ஆக்ஸாலிக்தான் இருக்கிறது, அதனால் வழி ஒன்றே. மொசைக் பாலிஷ்காரரிடம் ஒரு கால் கிலோ கேட்டால் தருவார். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பூச்சு அடிப்பதற்கு முன் அசிட்டோன் தொட்டுத் துடைப்பது நல்லது. மற்றபடி அந்தத் தரையை விற்றுவிடாதீர்கள், விலைக்கு வாங்குகிறவர்கள் வாசலில் நிற்பார்கள்.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். ஆணிப் புள்ளிகள் போய்விட்டன, உற்றுப் பார்த்தால் துளை தெரிகிறது, கருப்பு இல்லை. ஜன்னலடி வட்டம் இரண்டாம் பூச்சுக்குப் பின் தேநீர் நிறத்துக்கு இறங்கியிருக்கிறது, அதை அப்படியே விடலாம். நாய்த்திட்டு நான் சொன்ன மாதிரி பாதியில் நிற்கிறது.

இப்போது அந்த வேறு வழி. திட்டு இருக்கிற பலகைகளை மட்டும் எடுத்துவிட்டு வேறு பலகை பதிப்பது. கடையில் புது ஓக் வாங்கினால் நிறம் ஒட்டாது, வெள்ளைச் சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். உங்கள் படுக்கையறை அலமாரிக்குள் (சுவரோடு கட்டிய க்ளோசெட்) தரை என்ன என்று பாருங்கள். அந்தக் கால வீடுகளில் அலமாரிக்குள்ளும் அதே ஓக்கையே ஓட்டியிருப்பார்கள். அதே மரம், அதே வயது, அதே 2¼ அங்குல அகலம். அதை உரித்துக் கூடத்தில் பதியுங்கள், கடைப் பலகையை அலமாரிக்குள் போடுங்கள், செருப்புக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள். ஒரே கோட்டில் சதுரமாக வெட்டாமல் முனைகள் முன்பின்னாக வருமாறு பின்னிப் பதிக்கும் ஆளாகப் பாருங்கள். அடிப்பலகையில் வாடை இருந்தால் ஷெல்லாக் அடிப்படையிலான பிரைமரை அடித்து மூடிவிட்டுத்தான் மேலே பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே ஜூலை ஈரத்தில் ஒரு நாள் நாய் திரும்பி வரும்.

காண்ட்ராக்டர் மொத்தத் தரைக்குக் கேட்ட தொகையையும் எழுதியிருக்கிறீர்கள். முக்கால் அங்குலக் கெட்டிப் பலகை அது, இன்னும் சில தடவை உரசித் தேய்க்க இடம் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே இரண்டு மில்லிமீட்டர் ஓக் ஒட்டிய பலகையைப் போடச் சொல்கிறார். அவருக்கு என் வணக்கம்.

மார்ச் 20

ஒன்று விட்டுப்போனது, முக்கியமானது. கடைசியில் எண்ணெய் வகைப் பூச்சோ ஸ்டெயின் என்ற மரச்சாயமோ ஆளி விதை எண்ணெயோ அடித்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியே போகாமல் தானே பற்றிக்கொள்ளும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றியது இப்படித்தான். 22ஆம் மாடியில் மரச் சுவருக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணி. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். ஸ்பிரிங்க்ளர் (தீயில் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்) வைத்திருந்த 30ஆம் மாடி வந்தபிறகுதான் நெருப்பு நின்றது. கட்டடத்தைத் திரும்பத் திறக்கவே இல்லை, 1999இல் இடித்து முடித்தார்கள். துணியை வெளியே தனித்தனியாக விரித்து விறைக்கும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

மார்ச் 26

எண்ணெய்ப் பாலியூரித்தேனா தண்ணீர்ப் பாலியூரித்தேனா என்று கடைசிக் கேள்வி. எண்ணெய் வகை கொஞ்சம் மஞ்சளாகும், பழைய ஓக்குக்கு அந்த நிறம் அழகு, அலமாரிப் பலகையும் கூடப் பலகையும் சேர்ந்துகொள்ள அது உதவும். வாடை தாங்காது, இரண்டு மூன்று நாள் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். தண்ணீர் வகை சீக்கிரம் காயும், நிறம் மாற்றாது, விலை கூடுதல். உங்கள் இடத்தில் இருந்தால் நான் எண்ணெய் வகையே அடிப்பேன். மறுநாள் காலுறையோடு நடக்கலாம், ஆனால் முழுதாக இறுக ஒரு மாதம் ஆகும். அதற்குள் கம்பளம் விரிக்காதீர்கள், ரப்பர் முதுகுள்ள மிதியடியை எப்போதுமே போடாதீர்கள், பூச்சில் மஞ்சள் படம் எழுதிவிடும். வீட்டு ஈரப்பதம் 30இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், குளிர்காலத்தில் பலகைக்கு நடுவே இடைவெளி விட்டால் பதறி எதையும் அடைக்க வேண்டாம், கோடையில் தானே மூடிக்கொள்ளும்.